மெஷினில் சிக்கிய வாழைநார்

1979 மே 21, திங்கள்

காலையிலேயே அனல். குப்பைக்கிடங்கில் நிற்க முடியவில்லை. வேலைகள்: பிளீச்சிங் பவுடர், கேட்டுக்குப் புதுப் பூட்டு, கொட்டகைக்கு வெள்ளையடிப்பு, டெல்லி ஆபீசருக்கு இளநீர். வியாழக்கிழமை வருகிறார், குப்பையை அரைத்து உரமாக்கும் புது மெஷினை ஓட்டிப் பார்க்க.

கிடங்குப் பொறுப்பாளன் என்று நான் எழுதி அனுப்பிய யோசனை திரும்பி வந்துவிட்டது. ஊருக்கு ஒரே கிடங்கு வேண்டாம். அலங்காநல்லூர் ரோட்டில் ஒன்று, கொட்டாம்பட்டி ரோட்டில் ஒன்று என்று சின்னதாக வைப்போம். மக்கியதை அந்தந்தப் பக்கத்து வயல்காரச் சம்சாரிகள் வண்டி கட்டி வந்து அள்ளட்டும். இத்தனை வருடமாக அள்ளிக்கொண்டுதானே இருந்தார்கள். கண்ணாடி, தகரம் எல்லாம் அவர்களே பொறுக்கி ஒதுக்கிவிடுவார்கள். நமக்கு ஒரு தொல்லை இல்லை.

பதில் ஒரே வரி. தேசிய முறைக்கு ஒத்துவராது. எல்லா ஊர்க் குப்பையும் ஒன்று என்று டெல்லியில் உட்கார்ந்துகொண்டு எவன் முடிவு செய்தான்? மதுரைக் குப்பை என்றால் வாழையிலை, வாழைமட்டை, நாரில் கட்டிய பூமாலை. அவன் கண்ணால் பார்த்திருப்பானா?

கூடவே உத்தரவு: குப்பை முழுவதும் மெஷினுக்கு. வெளியாருக்கு ஒரு கூடைகூடக் கொடுக்கக் கூடாது.

22, செவ்வாய்

பூட்டு மாட்டியாயிற்று. சாவி என்னிடம். முதல் ஆளாக வந்து நின்றது பாண்டி மாப்பிள்ளை, என் தங்கை வசந்தாவின் வீட்டுக்காரர். பின்னால் அலங்காநல்லூர் வண்டிகள் வரிசையாக.

"என்ன மச்சான், பூட்டு புதுசா இருக்கு?"

உத்தரவைச் சொன்னேன்.

"பெரியாத்துத் தண்ணி தெறக்கப் போறாக. அதுக்குள்ள வயல்ல குப்பை செதறணும். நாத்தங்காலுக்குக்கூட எரு இல்ல. எம்புட்டு நாளு பூட்டி வப்பீக?"

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்க மாப்ள. டெல்லி ஆபீசர் வர்றாரு, பேசிப் பாக்குறேன்."

யாரும் திரும்பிப் போகவில்லை. ரோட்டோரப் புளியமரத்தடியில் மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டார்கள். மத்தியானம் தண்ணீர்க் குடம் கொடுத்தனுப்பினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

24, வியாழன்

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

மெஷினுக்குச் சந்தனம், பொட்டு, ஆள் உயர மாலை. இரண்டு பக்கமும் குலைவாழை. டெல்லிக்காரர் பட்டனை அமுக்கினார். எங்கள் ஹெல்த் ஆபீசருக்குக் கை சும்மா இருக்கவில்லை. "முதல் போணி மங்களகரமா இருக்கட்டும். அந்த மாலையையும் வாழையையும் உள்ள போடுங்க."

"சார், நார் சுத்திக்கும்."

"நல்ல காரியத்துல குறுக்க பேசாதீங்க."

போட்டார்கள். கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு ஒரு கீச்சல், நின்றுவிட்டது. மெஷின் சுழல்தண்டு முழுக்க நார், சவுரிமுடி மாதிரி.

டெல்லிக்காரர் இங்கிலீஷில் கேட்கிறார், இந்த ஊர் ஜனங்களை வாழையிலையைக் குப்பையில் போட வேண்டாம் என்று சொல்ல முடியாதா என்று. செய்துவிடலாம் என்கிறார் எங்கள் ஹெல்த் ஆபீசர். சர்க்குலர் நான் எழுத வேண்டுமாம். மதுரைக்காரன் இனி எதில் சாப்பிடுவது?

நாரை அறுக்க அங்கே ஒரு கத்தி இல்லை. "வெளிய வண்டிக்காரங்க நிக்கிறாங்கல்ல, அருவா வச்சிருப்பாங்க. கூப்பிடுங்க" என்றார் ஹெல்த் ஆபீசர். போய்க் கூப்பிட்டேன். "முடிச்சுக் குடுங்க மாப்ள, குப்பைக்கு நான் பொறுப்பு" என்று வேறு சொன்னேன். பாண்டியும் இரண்டு பேரும் உள்ளே குனிந்து அறுத்தார்கள். பாண்டிக்கு விரலில் வெட்டு. மெஷின் ஓடியது, கைதட்டல், போட்டோ.

அப்போது கேட்டேன், எல்லார் முன்னாலும், இவர்களுக்குக் குப்பை அள்ள அனுமதி கொடுக்கலாமா என்று. ஒரு இடத்தில் விட்டுக்கொடுத்தால் திட்டமே கெட்டுவிடும் என்றார் டெல்லிக்காரர். எங்கள் ஆபீசர் என் பக்கம் திரும்பி, "வண்டிகளைக் கெளப்புங்க, கார் திரும்பணும்" என்றார்.

அதையும் நானே போய்ச் சொன்னேன். மாப்பிள்ளை அரிவாளைத் துண்டில் துடைத்தார். மாடுகளைப் பூட்டினார். காலி வண்டிகள் கடகடவென்று போயின.

25, வெள்ளி

மெஷின் மறுபடி நின்றுவிட்டது. கல்யாண மண்டபக் குப்பை. தண்டே வளைந்துவிட்டது. புதுசு வடக்கேயிருந்து வர வேண்டுமாம், எப்போது என்று யாருக்கும் தெரியாது. உத்தரவு மட்டும் அப்படியே இருக்கிறது. குப்பை மலை, ஈ, நாற்றம்.

ரசத்தில் உப்பில்லை என்று வீட்டில் கத்தினேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

சாயங்காலம் காளவாசலில் அலங்காநல்லூர் பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினேன்: நாளைக் காலை கேட் திறந்திருக்கும், பாண்டியை எல்லா வண்டிகளோடும் வரச் சொல்லு.

26, சனி

விடியும்போதே திறந்துவிட்டேன். மெமோ வந்தால் வரட்டும். லேசாக மேகம். கேட்டுப் பக்கத்திலேயே ஸ்டூல், இரண்டு டீ. ஒரு எருமை உள்ளே வந்து இலை தின்றது. துரத்தவில்லை.

மத்தியானம் வரை ஒரு வண்டி வரவில்லை. காளவாசலுக்கே போய்க் கண்டக்டரைப் பிடித்தேன்.

"நேத்தே சொல்லிட்டேண்ணே. ஒங்க மாப்ள கடையில வாங்குன உர மூட்டைய எறக்கிக்கிட்டு இருந்தாரு. கேட்டுட்டுச் சிரிச்சாரு."

"என்னதான் சொன்னாரு?"

"மெஷின்ல மறுபடி நாரு சிக்குச்சுன்னா மச்சானைச் சொல்லி விடச் சொல்லு, அருவாளோட வாரேன்னாரு."