உள்ளே விட்ட துணி

அன்புள்ள அம்மாவுக்கு மூத்தவள் எழுதுறது. நான் நல்லா இருக்கேன். நீ வேளைக்குச் சாப்பிடுறியா? அப்பா இருமல் நின்னுதா?

இங்கே சிற்பி மேடம் துணிச் சிலைக்கு மனுஷ உடம்பு வெட்டித் தருவாங்க, நான் தைச்சுப் பஞ்சு அடைப்பேன். போன வாரம் ஒரு வயசான அம்மா உடம்பு. பழக்கதோஷம், பின்னாடி பிரிச்சுப் பெரிசாக்க ரவிக்கைக்கு விடுற மாதிரி தையலுக்கு உள்ளே ரெண்டு விரல் துணி விட்டுட்டேன். பஞ்சு அடைச்சதும் விலாவெல்லாம் புடைச்சு நிக்குது. "இந்தம்மா இனிமே உடம்பு போடவா போறாங்க? பிரிச்சு நறுக்கு"ன்னாங்க மேடம். எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான்.

நறுக்கும்போதுதான் தங்கச்சி அனுப்பின போட்டோ ஞாபகம் வந்தது. அதுல, ஊர்லேர்ந்து கிளம்புறப்ப உனக்கு நான் தைச்ச பச்சை ரவிக்கை தோளை விட்டு நழுவுது. துணி தளர்ந்துடுச்சுன்னு போன்ல சொன்ன. அது தளர்ற துணி இல்லம்மா, எடுத்ததும் தைச்சதும் நான்.

புது ரவிக்கை தைச்சு அனுப்புறேன். அளவுக்குப் பழசை அனுப்பாதே, தங்கச்சியை டேப் வைக்கச் சொல்லு. நீ வைச்சா நான் பயப்படக் கூடாதுன்னு தளர்த்திப் பிடிப்ப. உன் உடம்பைப் பார்த்து டாக்டர் என்ன சொன்னார்னும் அவளே எழுதட்டும்.

மேடம் கூப்பிடுறாங்க. உள்ளே துணி நிறைய விட்டுத்தான் தைப்பேன். நீ உடம்பு போடணும்.

உன் மூத்தவள்