அண்ணன் வாங்கிய மாத்திரை

பிப்ரவரி 12, 2024
திருச்சியில் கேமரா விட்டுக் குடலைப் பார்த்தார்கள். உள்ளே சின்னச் சின்னதாய்ச் சதை முளைகள். பாலிப். அப்பாவிடமிருந்து வந்தது; அவரைக் கொண்டுபோனதும் இதுதான். விட்டுவைத்தால் ஏதாவது ஒன்று புற்றாகும். "வெட்டிருங்க சார், பழுதான பார்ட்டை வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றேன். டாக்டர் சிரித்தார். ஆபரேஷன் எப்படியும் ஒருநாள் வேண்டும். இப்போதைக்கு ஒரு மாத்திரை. முளைகளைச் சுருக்கும், ஆபரேஷனைத் தள்ளிப்போடும். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேமரா கட்டாயம். அண்ணனுக்கும் கேமரா விட்டுப் பார்க்கச் சொன்னார்.

பிப்ரவரி 13
குவைத்திலிருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "லீவு தரமாட்டாங்கடா, அடுத்த வருசம் பாப்போம்" என்றான் எழிலரசன். அவனுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அடுத்த வருஷமாம்!

மார்ச் 3
நெஞ்சு எரிகிறது. சாப்பிட்டுவிட்டுத்தான் மாத்திரை போடவேண்டுமாம். ஐஸ் பிளான்ட்டில் எவன் நேரத்துக்குச் சாப்பிடுகிறான்?

ஆகஸ்ட் 19
இரண்டாவது கேமரா. நேற்று முழுக்கப் பேதி மருந்து. பிளான்ட்டில் கூட வேலை பார்க்கும் ஜஸ்டின் போனில், "பாத்ரூம்லயே ஒரு ஃபேன் மாட்டிக்கங்க இன்ஜினியரே" என்றான். நாய்.
முளைகள் குறைந்திருக்கின்றன. சந்தோஷமா? ஆமாம்.

ஆகஸ்ட் 20
அண்ணனிடம் சொன்னேன். "எனக்கும் நின்னுருச்சுடா" என்றான். என்ன நின்றது? இழுத்து இழுத்துச் சொன்னான் — வெளிக்குப் போகையில் ரத்தம். என் மாத்திரையையே அங்கே வாங்கிப் போடுகிறானாம். பெயர் கொடுத்தது அம்மா. அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள்.
"ஒனக்குக் கேக்குறது அவனுக்குக் கேக்காதாப்பா?" என்றாள்.
கத்தினேன். கத்தி என்ன? அவளுக்குத் தெரிந்த வழி அது.

ஆகஸ்ட் 21
ரத்தம் நின்றதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, உள்ளே பார்த்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். அதையே அண்ணனிடம் சொன்னேன்.
"நல்லாத்தான இருக்கேன்? பொண்ணு பாக்குற நேரத்துல ஊரெல்லாம் தண்டோராப் போடச் சொல்றியா?"
வாய் முந்திக்கொண்டது. "அப்பாவும் நின்னுருச்சுன்னுதாண்ணே சொன்னாரு. லேகியத்தைத் தின்னுட்டு வயலுக்குப் போனாரு. மறுவருசம் நாமதான தூக்கிட்டுப் போனோம்?"
வைத்துவிட்டான். இந்த வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. அம்மா அடுப்படியில் கேட்டுக்கொண்டு நின்றாள். சொல்லியிருக்கக் கூடாதோ? இல்லை. எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 26
அண்ணனிடமிருந்து விமான டிக்கெட்டின் படம் மட்டும் வந்தது.

செப்டம்பர் 6
அண்ணனுக்குக் கேமரா. எனக்கிருந்ததைவிட அதிக முளைகள். ஒன்று புற்றாக மாறிவிட்டது. குடலைத் தாண்டிப் போனதாகத் தெரியவில்லையாம். பெருங்குடலை எடுக்கவேண்டும்.
"மாத்திரை போட்டுமா சார்?"
"இது முன்னாடியே இருந்திருக்கும். பாக்காம மாத்திரையை நம்பினதுதான் தப்பு."
வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான்.

செப்டம்பர் 17
இன்று ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது என்றார்கள்.

செப்டம்பர் 24
வெட்டியெடுத்ததைப் பரிசோதித்த முடிவு வந்தது. எங்கும் பரவவில்லை.
அண்ணனை வார்டு வராந்தாவில் நடக்க வைத்தேன். மலம் சேர வயிற்றோடு மாட்டியிருக்கும் பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தான். திரும்பவும் ஒரு சுற்று என்றேன்.
"ஒரு நிமிசம் நிக்க விடுறியாடா? ஒனக்கு எங்க குவைத் சூப்பர்வைசரே தேவலாம்!"
வார்டே திரும்பிப் பார்த்தது. ஊருக்கு வந்ததிலிருந்து அவன் என்னிடம் நேராகப் பேசியது இதுதான்.