காலி நாற்காலிக்குப் பதில்கள்

நவம்பர் 18, 2024, திங்கள்
ஊட்டி காந்தலில் மனிஷா இயக்கும் நாடகத்தின் ஒத்திகை. நடிகன் ஒருவன்தான். சஜீர், வர்க்கி போடும் பேக்கரியில் வேலை. எதிரே காலி நாற்காலி. கேள்விகள் நமக்குக் கேட்பதில்லை, அவன் பதில்கள் மட்டும். “வெள்ளிக்கிழமை மட்டுந்தாங்க தொழப் போவேன்.” “அவன்கூடப் பத்தாவது வரைக்கும் படிச்சதோட சரிங்க.” “டீ சாப்பிடறீங்களா?” டிசம்பர் ஆறு நெருங்கும்போதெல்லாம் வீட்டுக்கு வரும் போலீஸிடம் அவன் நிஜமாகச் சொன்ன பதில்கள். குரல் மாறுவதில்லை. முதுகு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிகிறது.

கிளம்பும்போது சொன்னான்: “பேப்பர்ல என் பேர் வேண்டாங்க சார். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் என்கொயரி நிக்குது. சார்ஜாவுல மாமா வேலை பாத்து வெச்சிருக்காரு.”

சரி என்றேன்.

நவம்பர் 21
உளவுப் பிரிவு ஏட்டு அம்புரோஸ் ஒத்திகைக்கு வந்திருந்தார். “ஏனுங்க சார், எங்காளு வேசத்துக்கு ஆளே கிடைக்கலீங்களா? சொல்லியிருந்தா நானே வந்திருப்பனே.”

“அதான் வந்துட்டீங்களே” என்றாள் மனிஷா.

எல்லோரும் சிரித்தோம். சஜீரும்.

நவம்பர் 24, ஞாயிறு
மழை. நடிகர் பெயர் இல்லாமல் செய்தி அனுப்பினேன். டெஸ்க்கிலிருந்து போன்: “நடிச்சது யாரு சார்? வயசு, ஏரியா?” விபத்தோ பரிசளிப்போ, முப்பது வருடமாகக் கேட்கும் கேள்வி. சொன்னேன். போனை வைத்துவிட்டு வெந்நீர் போடப் போனேன். உறைக்கவே இல்லை.

நவம்பர் 25
‘காந்தலைச் சேர்ந்த சஜீர் (24)’. நான்காம் பக்கம், படத்தோடு.

யாரும் மிரட்டிக் கேட்கவில்லையே. ஏன் சொன்னேன்?

நவம்பர் 27
சஜீரை ஸ்டேஷனுக்கு அழைத்திருக்கிறார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. பேப்பரை மேசையில் விரித்து, வசனம் யார் எழுதியது என்று கேட்டார்களாம். “நான் உங்ககிட்டச் சொன்னதுதாங்க” என்றானாம். பாஸ்போர்ட்? “பாக்கலாம் தம்பி.”

மனிஷா கத்தினாள்: “வயசு வரைக்கும் போட்டாச்சு. பிளட் குரூப்பையும் போட்டிருக்கலாமே சார்!”

அம்புரோஸைக் கூப்பிட்டேன். “நல்ல பையன்னு எனக்கே தெரியுமுங்க. பேப்பர்ல வந்துட்டா நான் என்னங்க பண்றது?”

டிசம்பர் 1
சஜீர் விலகிவிட்டான். அவனில்லாமல் நாடகம் இல்லை என்று மனிஷா, பதிவு செய்திருந்த கூடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நாடகம் நின்றுவிட்டது என்று டெஸ்க்குக்கு ஒரு வரி அனுப்பினேன். போடவில்லை.

டிசம்பர் 6
பனி. வெளியே போகவில்லை.

டிசம்பர் 19
சஜீர் பேசினான். “இன்டர்நெட்ல அந்தச் செய்தி இன்னும் இருக்குதுங்க சார். எடுத்துர முடியுங்களா?”

டெஸ்க்கில் கேட்டேன். “நீங்க எழுதினதை நீங்களே எடுக்கச் சொல்றீங்களா சார்?”

“ஆமாம்” என்றேன்.

மாலையில் அவன் பெயரைப் போட்டுத் தேடினேன். நாடகத்தின் பெயரைப் போட்டும். ஒன்றும் வரவில்லை. அதைப் பற்றி வேறு யாரும் எழுதியிருக்கவில்லை.

அவனுக்குப் போன் செய்து சொன்னேன்.

“ரொம்ப நன்றிங்க சார்” என்றான்.