வெட்டிப் போட்ட கார்டும் ஆதம்பாக்கத்து வீடும்

ஆனி 12, வியாழன்

இன்று பேங்கில் இருந்தவர்கள்: நான், மகன் சேகர், மருமகள் மல்லிகா, பேத்தி பிரியா, மேசைக்கு அந்தப் பக்கம் லோன் பார்க்கிற அம்மாள். வந்திருக்க வேண்டியவன், வராதவன்: மல்லிகாவின் தம்பி குமரேசன். ஒரே புழுக்கம். அந்த அம்மாள் ஃபேனைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டாள்.

லோன் கிடையாதாம்.

ஆதம்பாக்கத்து வீட்டுக்குக் கேட்டது. ஒரே படுக்கை அறை, இரண்டாம் மாடி, சமையல் மேடைக்கு எதிரே ஜன்னல். இங்கே அடுப்பு, இங்கே சாமி படம் என்று நானே நின்று கையால் காட்டிய வீடு. மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கிற வீட்டை இடிக்கப் போகிறார்கள். ஆடியில் எவள் வீடு மாறுவாள்? ஆனிக்குள் போயாக வேண்டும். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, என் இரட்டை வடச் சங்கிலியை விற்று. ஆனி முடிவதற்குள் லோன் வராவிட்டால் அட்வான்ஸ் திரும்பி வராது. அதற்கும் கையெழுத்துப் போட்டாயிற்று.

காரணம் என்ன? சேகருக்குக் கடன் ஸ்கோர் குறைவாம். "மார்க் போட்டது யாரு, கூப்பிடு அவரை" என்றேன். பிரியா என் காலை மிதித்தாள்.

அந்த அம்மாள் சொன்னது: "கிரெடிட் கார்டு நிறைய வச்சிருக்கிறது தப்பில்லம்மா. பத்து இருந்தாலும் ஒழுங்கா கட்டினா நல்ல ஸ்கோர்தான். உங்க பையன் ஒரே மாசத்துல அஞ்சு பேங்க்ல கார்டு கேட்டிருக்கார். கேட்கிறப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குறையும். பணத்துக்கு அலையறாருன்னு நினைப்பாங்க இல்ல? அதோட ரெண்டு கார்டுக்கு வருஷச் சந்தாவே கட்டல."

சேகர்: "நான் தேய்க்கவே இல்லையே மேடம்."

"தேய்க்காட்டியும் சந்தா உண்டு சார்."

மல்லிகா: "வெட்டிப் போட்டாச்சே மேடம்!"

"கார்டைத்தானம்மா வெட்டினீங்க? கணக்கை மூடலையே."

ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். மோர் குடித்தேன், ஆத்திரம் அடங்கவில்லை.

ஆனி 13, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. இந்த மூஞ்சியோடு அம்பாள் எதிரே போய் நிற்பதா?

வாங்க வேண்டியது: உளுந்து, சீயக்காய், பிரியாவுக்கு நீலப் பேனா.

எனக்கு எதுவும் மறக்காது. போன வருஷம் தை, பிரியாவுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் குமரேசன் சீர் கொண்டுவந்தான். அரக்குப் பட்டு, முதல் தண்ணீருக்கே சாயம் விட்டது. தட்டைக் கீழே வைத்த கை, உடனே பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தது. தி. நகரில் பெரிய கடை வாசலில் நின்று பேங்குகளின் கிரெடிட் கார்டுக்கு ஆள் பிடித்துக்கொடுக்கிற வேலை அவனுக்கு. எல்லா பேங்க் கார்டும் அவனிடம் உண்டு.

"மாமா, மாசக் கடைசி, டார்கெட் இடிக்குது. அஞ்சே அஞ்சு போட்டுக் குடு. உனக்கு ஒரு செலவும் இல்ல."

சேகர் என் முகத்தைப் பார்த்தான். மல்லிகா முந்திக்கொண்டாள்: "சீர் செஞ்ச தம்பி கேக்கறான். இல்லன்னா எங்க வீட்ல என்ன நினைப்பாங்க?" முதல் பந்திக்கும் இரண்டாம் பந்திக்கும் நடுவில் ஐந்தும் முடிந்தது. சீருக்குப் பதில் சீர் மாதிரி.

வந்த கார்டுகளை விசிறி போலப் பிரித்து மல்லிகா பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டினாள். அந்த வாரமே சேகர் வண்டியிலிருந்து விழுந்து கை முறிந்தது. கண் பட்டுவிட்டது என்றாள். அடுத்த அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைத்தோம். உப்பு மிளகாய் சுற்றியது நான். கார்டையும் சேர்த்துச் சுற்றச் சொன்னது நானில்லை. சேகர் ஐந்தையும் கத்தரித்து, பூசணிக்காய்த் துண்டோடு முச்சந்தியில் போட்டுவிட்டு வந்தான். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தோம். "தொலைஞ்சுது சனியன்" என்றாள் மல்லிகா.

தொலையவில்லை. சந்தா ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

குமரேசன் ஃபோன் எடுக்கவில்லை. எடுக்கட்டும், இருக்கிறது.

ஆனி 15, ஞாயிறு

வந்தான். கையில் அல்வாப் பொட்டலம்.

"இன்னா அத்தை, கோவமா கீறீங்களாமே?"

"என் சங்கிலி எங்கடா?"

"நான் இன்னா பண்ணேன்? வேணாம்னா கஸ்டமர் கேருக்கு ஃபோன் போட்டு மூடணும் அத்தை. பூசணிக்காயோட சேத்து ஒடைப்பாங்கன்னு நான் கனா கண்டேனா?"

பிரியாவுக்குச் சிரிப்பு. முறைத்தேன், ஓடிவிட்டாள்.

"உன்னாலதான்டா வீடு போவுது" என்று கத்தினேன். வாய்க்கு வந்ததெல்லாம் கத்தினேன். பட்டுப்புடவையையும் விடவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் சேகர் பக்கம் திரும்பினான்.

"மாமா, நீ இன்னா சும்மா குந்திகினுகீற? அத்தையாண்ட சொல்லலியா? மாசியிலயே என்னாண்ட வந்தல்ல? ரெண்டு பேங்க்ல வீட்டு லோன் கேட்டு ரெண்டும் இல்லன்ட்டான்னு சொன்னல்ல? சந்தாவ கட்டு, கணக்க மூடு, கொஞ்ச மாசம் எங்கியும் கேக்காத, கேக்க கேக்க எறங்கும்னு சொன்னேனா இல்லியா?"

மாசி. நான் சங்கிலியைக் கொடுத்தது சித்திரையில்.

சேகரைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எதாவது ஒரு பேங்க் குடுத்துரும்னு நெனச்சேன்மா. உன்கிட்ட சொன்னா சங்கிலியக் குடுத்திருக்க மாட்ட."

மல்லிகாவுக்கும் தெரியாது. அவள் முகத்தில் பார்த்தேன்.

யாரும் சாப்பிடவில்லை. குழம்பு வீண்.

ஆனி 17, செவ்வாய்

விடியற்காலையில் நல்ல மழை. துணி நனைந்தது.

புரோக்கர் ஃபோன். வீட்டை யாரோ கோடம்பாக்கத்துக்காரர் மொத்தப் பணத்தோடு கேட்கிறாராம். நாம் ஆனிக் கடைசி வரை பொறுத்தாலும் லோனுக்கு வழி இல்லை. அட்வான்ஸ் போனது போனதுதான். வாடகை வீடு தேட வேண்டும். எங்கேயென்று தெரியவில்லை.

குமரேசன் தன் கைப்பணத்தில் சந்தாவும் அபராதமும் கட்டி, ஐந்து கணக்கையும் மூட எழுதிக் கொடுத்துவிட்டானாம். மல்லிகா வந்து சொன்னாள், அழுதாள். அழாதே என்றேன். அவன் டார்கெட்டுக்குக் கேட்டான், ஊர் பார்க்கக் கேட்டான். அவனை விட்டுவிட்டேன். இவள் தம்பிக்காகப் பேசினாள். அதையும் விட்டுவிட்டேன்.

சித்திரையில் அன்றைக்குச் சங்கிலியைக் கழற்றும்போது கொக்கி சேலை நூலில் சிக்கிக்கொண்டது. எனக்குக் கை எட்டவில்லை. பின்னால் வந்து நின்று, மெதுவாக, வலிக்காமல் எடுத்துவிட்டான், எல்லாம் தெரிந்தவன்.

சேகர்.