இடது முழங்கை

மார்ச் 3, திங்கள்

பாலம் இடிந்து ஆற்றில் விழுந்த வருஷம் அது. பஸ்காரர்கள் நாற்பத்தொரு நாள் வண்டி எடுக்காததும் அதே வருஷம்தான். நான் வேலை பார்த்த ஏழு மாடிக் கட்டடத்தில் கம்பிக்கதவு லிஃப்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பொத்தான் லிஃப்ட் வைத்ததும் அப்போதுதான். பஸ் ஓடாத இருபத்தாறாவது நாள் என் மனைவிக்கு வலி கண்டது. தள்ளுவண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனோம், நானும் அவள் அண்ணனும். போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பிள்ளை பிறந்து அழவில்லை. அவனை அழவைக்க நர்ஸ் ரொம்பப் பாடுபட்டாள்.

அவன்தான் துரை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோரையும் வேலை வாங்குவதால் அவன் மாமா வைத்த பெயர். கையும் காலும் அவன் சொல் கேட்காது. பேச்சும் வராது. காது, மூளை, கோபம் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. இப்போது நாற்பத்தேழு வயது.

எனக்குக் குடல் இறக்கம். இருபத்தாறாம் தேதி ஆபரேஷன். "அதுக்கப்புறம் ஒரு மாசம் தண்ணிக் குடம்கூடத் தூக்கக் கூடாது" என்றார் டாக்டர். துரையை நான் ஒரு நாளைக்கு ஆறு தடவை தூக்குகிறேன். அதைச் சொன்னதும் அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

ஊருக்கு வெளியே ஒரு இல்லம் இருக்கிறதாம். துரை மாதிரி ஆட்களை முப்பது நாள் வரை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள், வீட்டில் இருப்பவர் கொஞ்சம் மூச்சுவிட. அங்கே பொறுப்பாளராக இருக்கும் பெண் போனில் சொன்னார்: "அவரோட நாள் எப்படிப் போகுதுன்னு தினமும் சொல்லி யாரையாவது எழுதச் சொல்லுங்க. அதை வச்சுத்தான் நாங்க பாத்துக்க முடியும்."

எனக்கு எழுத்து தெரியாது. லிஃப்ட்டில் இருந்த எண்கள் தெரியும், அவ்வளவுதான். எதிர் வீட்டு டைப்பிஸ்ட் அம்மா எழுதித் தருவதாக ஒத்துக்கொண்டார். ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். "நீங்க வாய்க்கு வந்ததைச் சொல்லுங்க, இல்லத்துக்கு வேண்டியதை நான் தனியா எடுத்து எழுதிக்கறேன்" என்றார். அப்புறம் நோட்டை விரித்துக்கொண்டே, "ஆனா எழுதறதோட என் வேலை முடிஞ்சது, லிஃப்ட்காரரே. தூக்க, பிடிக்கன்னு என்னைக் கூப்பிடாதீங்க. எங்க வீட்டுக்காரரை ஆறு வருஷம் தூக்கியாச்சு" என்றார்.

இதையும் எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

மார்ச் 5, புதன்

காலை. எழுந்ததும் துரைக்கு வாய் துடைக்க வேண்டும், ஈரத்துணியால். உலர்ந்த துணி என்றால் கடிப்பான். பிறகு வலப்பக்கம் ஒருக்களித்து, முதுகைத் தட்டி, சளி கீழிறங்கிய பிறகுதான் உட்காரவைக்க வேண்டும். டீ ஆற வேண்டும். சில்லென்று ஆறிவிட்டால் துப்பிவிடுவான். சோறு நன்றாகக் குழைந்திருக்க வேண்டும். ஒரு வாய் விழுங்கியதும் தொண்டைக் குமிழ் ஏறி இறங்குகிறதா பார்த்து, அதன் பிறகு அடுத்த வாய். ஆமென்றால் கண்ணை மேலே தூக்குவான். வேண்டாமென்றால் கண்ணை மூடிக்கொள்வான். சாயங்காலம் ஆறு மணிச் செய்தி கேட்க வேண்டும். செய்தி ஓடும்போது யாராவது பேசினால் அன்றைக்கு அவருக்குத் தொலைந்தது.

இரண்டு பக்கம் ஆகிவிட்டது என்கிறார் டைப்பிஸ்ட் அம்மா. குளிப்பதற்கே இன்னும் போகவில்லை. செய்யும்போது தெரியாத களைப்பு சொல்லும்போது தெரிகிறது. இவ்வளவா செய்கிறேன்?

மார்ச் 6, வியாழன்

துரைக்குச் சளி. எனக்குச் சொல்லத் தெம்பில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். துரையை அம்மாவின் வீட்டு வாசலில் நாற்காலியோடு நிறுத்திவிட்டுப் போனேன். "பாத்துக்கிட்டு மட்டும் இருக்கேன், தொட மாட்டேன்" என்று சொல்லித்தான் ஒத்துக்கொண்டார்.

கையில் கயிறு கொண்டுபோனேன். மூன்று முடிச்சு. முதல் முடிச்சு வரை கக்கூஸ் பீடத்தின் உயரம், இரண்டாவது வரை கட்டில், மூன்றாவது வரை நாற்காலியின் அகலம். பொறுப்பாளர் பெரிய சாவிக்கொத்து வைத்திருந்தார், நடந்தால் மணி அடிப்பது போல இருக்கிறது. நான் குனிந்து குனிந்து அளப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தார். "டேப்பு தரட்டுமா பெரியவரே?" வேண்டாம் என்றேன். எல்லாம் சரியாக இருந்தது. வாசலில் சரிவுப் பாதை, படியே இல்லை. கட்டில் ஒரு விரல் உயரம் கூட, பரவாயில்லை. குளியலறைக் கதவில் நாற்காலி அகலத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் இருந்தது.

"சாரைக் கூட்டிட்டு வரலையா?" என்று கேட்டார். எந்த சார் என்று எனக்குப் புரியவில்லை. துரையைத்தான் கேட்டிருக்கிறார்.

"அவன் வந்து என்ன செய்யப்போறான், நான் பாத்தாப் போதாதா?"

"தங்கப்போறது நீங்களா, அவரா?"

கயிற்றைச் சுருட்டினேன். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ஓட்டினேன், எத்தனையோ மேனேஜர்களை ஏற்றி இறக்கினேன். இப்படி நடுவழியில் ஒருத்தரும் என்னை நிறுத்தியதில்லை.

மார்ச் 10, திங்கள்

துரையிடம் சொன்னேன். முப்பது நாள் என்றதும் கண்ணை மூடினான். மூடியவன் திறக்கவில்லை. ஆறு மணிச் செய்தி போட்டேன், அதற்கும் திறக்கவில்லை.

கத்திவிட்டேன். எனக்கு மட்டும் ஆசையாடா? எனக்கு வயித்தைக் கிழிக்கப்போறாங்கடா. கிழிக்காம விட்டா ஒருநாள் உன்னைத் தூக்கறப்பவே விழுந்துடுவேன். உன்மேலயே விழுவேன். அப்ப யார் வந்து ரெண்டு பேரையும் எடுக்கறது?

நான் கத்தியது எதிர் வீட்டுக்கும் கேட்டிருக்கிறது. அம்மா இன்று எழுதும்போது இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 12, புதன்

கண்ணைத் திறந்துவிட்டான். கோபம் போகவில்லை. டீயைத் துப்பினான், சட்டை மாற்ற வேண்டியதாயிற்று. இன்று ஏழு தடவை தூக்கினேன்.

மார்ச் 15, சனி

இன்று துரையை இல்லத்தில் ஒரு பகல் வைத்துப் பார்த்தார்கள். பழகுவதற்கு. என்னைக் கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். "நீங்க உள்ள வந்தா அவர் உங்களைத்தான் பாப்பார்" என்றார் பொறுப்பாளர். அம்மா எழுதித் தந்த பதினாலு பக்கமும் அவர்கள் மேசைமேல் இருந்தது. பணியாளர் நல்ல வாட்டசாட்டமான மனிதர், பொறுமைசாலி. காலையில் டீ சரியாக ஆற்றிக் கொடுத்தார். சோறும் தொண்டையைப் பார்த்துப் பார்த்து ஊட்டினார். நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அட, நம்மைவிட நன்றாகச் செய்கிறாரே என்று தோன்றியது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

மத்தியானம் குளிக்கத் தள்ளிக்கொண்டு போனபோது துரை அலறினான்.

நாற்காலி கதவில் தாராளமாக நுழைகிறது. துரையின் இடது முழங்கை நுழையவில்லை. அது எப்போதும் ஒரு சாண் வெளியே துருத்திக்கொண்டுதான் இருக்கும், அவனாக மடக்க முடியாது. நேராகத் தள்ளியதில் நிலைக்கட்டையில் மாட்டி, தோல் உரிந்து, ரத்தம். பணியாளர் முகம் வெளுத்துவிட்டது. பாவம், அவர் தப்பு இல்லை. முழங்கையைப் பற்றிப் பதினாலு பக்கத்தில் ஒரு வரி இல்லை.

பொறுப்பாளரே மருந்து போட்டார். "மன்னிச்சிடுங்க சார்" என்று துரையிடம் சொன்னார், என்னிடம் இல்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "பேப்பர் போதாது பெரியவரே. நீங்க ஆபரேஷனுக்குப் படுத்திருக்கும்போது எங்களுக்கு ஒரு சந்தேகம் வந்தா யாரைக் கேக்கறது? உங்களைத் தவிர இவரைக் கையால பிடிச்சுப் பழகின இன்னொருத்தர் வேணும். உயிரோட, கூப்பிட்டா வர்ற தூரத்துல. சேர்க்கைத் தாள்ல அவங்க பேருக்குன்னு ஒரு கட்டம் இருக்கு, அதை நிரப்பித் தாங்க, எடுத்துக்கறோம். இல்லைன்னா என்னால முடியாது."

திரும்பும்போது வண்டியில் துரை என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

கயிற்றை எடுத்து மறுபடி அளந்தேன். வெறும் நாற்காலியை அளந்திருக்கிறேன். துரை உட்கார்ந்திருக்கும் நாற்காலியை அளக்கவில்லை.

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு அதைவிடக் குறுகல். ஒருநாளும் இடித்ததில்லை. ஏன் என்று இன்று காலை நின்று யோசித்தேன். நான் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறேன். நிலையருகே வந்ததும் என் இடுப்பு தானாகச் சாய்ந்து அவன் முழங்கையை உள்ளே அணைத்துக்கொள்கிறது. நாற்பது வருஷமாகச் செய்கிறேன், செய்கிறேன் என்றே தெரியாது. தெரியாததை அம்மாவிடம் எப்படிச் சொல்லியிருப்பேன்? இன்னும் இந்த மாதிரி எத்தனை இருக்கிறதோ.

இருபத்தாறாம் தேதியைத் தள்ளிப்போடக் கேட்கலாமா? டாக்டர் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிவிட்டார். குடல் மாட்டிக்கொண்டால் அப்புறம் பேச்சே இல்லை என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் அம்மா வந்தார். கையில் நோட்டு இல்லை.

"செஞ்சு காட்டுங்க" என்றார். "நீங்க சொல்லி நான் எழுதினது போதும். முதல்ல பாக்கறேன், அப்புறம் எழுதறேன்."

செய்து காட்டினேன். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை. சுவரோரம் நின்று கண் கொட்டாமல் பார்த்தார். தூக்கும்போது நான் ஒரு முனகல் முனகினேன் போலிருக்கிறது.

"முதுகால தூக்கறீங்க. அதான் குடல் இறங்கிருக்கு. முட்டியை மடக்கணும். நகருங்க."

"நீங்க தொட மாட்டேன்னு—"

"நகருங்கன்னேன்."

துரையின் முன்னால் குனிந்தார். "துரை, நான் பிடிக்கட்டுமா?"

அவனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, தூக்குவேன், அவ்வளவுதான். அவன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். கண்ணை மேலே தூக்கினான்.

ஒரு முட்டியை அவன் இரண்டு முட்டிக்கும் நடுவே கொடுத்து, அக்குளில் கைகோர்த்து, ஒரே சுழற்சி. நாற்காலியில் இருந்தான். அம்மாவுக்கு அறுபத்துநாலு வயசு, எலும்பும் தோலுமாக ஒரு ஆள். துரை சிரித்தான். பத்து நாளில் அதுதான் முதல் சிரிப்பு. நிலைக்கதவில் மட்டும் அவருக்கு இடுப்பு போதவில்லை, முழங்கையை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டார். அதுவும் சரியாகத்தான் வந்தது.

"இதெல்லாம் எழுத வேண்டாம்" என்கிறார். எழுதுங்கள் என்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

மறுபடி இல்லம். அம்மாவும் வந்தார், பணியாளருக்குக் காட்ட. அவர் இரண்டு தடவையில் பிடித்துக்கொண்டார். பொறுப்பாளர் குளியலறைக் கதவையும் நிலைக்கட்டையையுமே கழற்றிவிட்டு, வெளியே தள்ளித் தடித்த திரை தொங்கவிட்டிருந்தார். இப்போது இரண்டு முழங்கை போகும்.

ஆறு மணிக்குக் கூடத்தில் செய்தி போட்டார்கள். பக்கத்து நாற்காலியில் கண் தெரியாத ஒரு மனிதர். நடுவில் யாரோ பேச வந்தார்கள். "ஷ்ஷ், செய்தி" என்று அதட்டினார் அவர். துரை அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, மாமா செத்தபிறகு யாரையும் அவன் அப்படிப் பார்க்கவில்லை.

பொறுப்பாளர் அவனிடமே கேட்டார்: "சார், இங்க வந்து இருக்கீங்களா?" அந்தக் கண் தெரியாத மனிதரை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு மேலே பார்த்தான்.

"அந்தக் கட்டம் மட்டும்தான் பாக்கி" என்று பொறுப்பாளர் தாளை நீட்டினார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஜன்னலைப் பார்த்தார். திரும்பி வந்ததும் தன் வீட்டு வாசலில் சாவியைத் திருப்பிக்கொண்டே அம்மா சொன்னார்: "காட்டிக் குடுத்தேன். அது வேற. பேர் குடுக்கறது வேற. போன் அடிச்சா ஓடணும். அந்த ஆறு வருஷமும் போன் அடிச்சா ஆபீஸ் வேலையைப் பாதில விட்டுட்டு வீட்டுக்கு ஓடினவ நான்."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இதை எழுதும்போது கையெழுத்து வேறு மாதிரி ஓடியது. எனக்கு எழுத்து தெரியாது, ஓட்டம் தெரியும்.

மார்ச் 22, சனி

நோட்டு எழுத ஆள் வரவில்லை. இது அடுத்த நாள் சொன்னது.

மார்ச் 24, திங்கள்

இன்றைக்குள் தாள் போக வேண்டும். அம்மா வந்தார், நோட்டையும் தாளையும் மேசையில் வைத்தார். துரை செய்தி கேட்டுக்கொண்டிருந்தான், அதனால் மெதுவாகத்தான் பேசினோம்.

"இவனைக் கையால பிடிச்சுப் பழகினவங்க யார் யாருன்னு வரிசையா சொல்லுங்க. யாராவது விட்டுப்போயிருக்கும்."

சொன்னேன். அவன் அம்மா, போய்ப் பதினோரு வருஷம், மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை. தள்ளுவண்டியை என்னோடு தள்ளிய அவள் அண்ணன். அவர் போனது நான் லிஃப்ட் ஓட்டிய கட்டடத்தை விற்ற வருஷம். கால் கை நீட்டச் சொல்லிக்கொடுத்த பயிற்சி அம்மா. ஒன்பது வருஷம் செவ்வாயும் வெள்ளியும் வந்தவர், மகளோடு வெளிநாடு போய் அங்கேயே காலமாகிவிட்டார். பஸ்ஸில் இவனை ஏற்றி இறக்குவதற்காகவே வண்டியை ஒரு நிமிஷம் கூடுதலாக நிறுத்திய கண்டக்டர், 'விசில்' என்று கூப்பிடுவோம். அவர் போன சேதி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கீழ் வீட்டு மருந்துக்கடைக்காரர். அவர் போன அன்று துரை சாப்பிடவில்லை.

ஒவ்வொன்றுக்கும் நோட்டில் சின்னதாக ஒரு கோடு இழுத்தார்.

"அவ்வளவுதானா?"

"உயிரோட ஒருத்தர் இருக்கார்."

பேனா நின்றது. துரை செய்தியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினான். வானிலை சொல்லும் நேரம். அதை அவன் விட்டதே கிடையாது.

அவர் நோட்டை மூடினார். தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். முதலில் பேர் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். "உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன போட?"

"எதிர் வீடு."

எழுதினார்.

"பேர்?"

"டைப்பிஸ்ட் அம்மா."

"அப்படிப் போட்டா ஒத்துக்க மாட்டாங்க, லிஃப்ட்காரரே" என்றார். குனிந்து, பேர்க் கட்டத்தில் நான் சொன்னதைவிட நீளமாக ஏதோ எழுதினார்.