நாலு பேருக்கு டீ

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்பது டிவியில் உன் பேட்டியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது.

வெள்ளிக்கிழமை உன் கோர்ட் தொடரைப் பார்க்கக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா, மருந்துக்கடைக்காரர் எல்லோரும் நம் வீட்டில்தான். கதை, வசனம் என்று உன் பெயர் வந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பா மட்டும் பேப்பரை விரித்துக்கொண்டு, பார்க்காத மாதிரி பார்த்தார்.

கதையில் போலீஸ், ஒரு ஆளுடைய போனை அனுமதியில்லாமல் ஒட்டுக்கேட்கிறது. எந்தச் சாலையில் வருவான் என்று தெரிந்துகொண்டு போய் மடக்குகிறது. கோர்ட்டில் மட்டும், பின்விளக்கு எரியவில்லை, தற்செயலாக நிறுத்தினோம் என்று சாதிக்கிறது. அதுவரை எனக்கும் அது கதைதான். பிறகு உன் பெண் வக்கீல் ஜீப் டிரைவரைக் கூண்டில் ஏற்றி, தற்செயலாக நடந்த சோதனைக்குக் காலையிலேயே எதற்கு நாலு பேருக்கு டீ போட்டு எடுத்துப் போனீர்கள் என்று கேட்டாள் பார், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது நிஜமாகவே நடந்தது அது, அந்த டீயைப் போட்டவள் நான். அன்றைக்குப் போலீஸ் ஜீப்பை ஓட்டியவர் உன் அப்பா. சாயங்காலம் வரைக்கும் ஒரே இடத்தில் காத்திருக்கணும், சர்க்கரையைக் கொஞ்சம் தாராளமாகப் போடு என்று சொன்னதும் அவர்தான். நீ சமையலறை வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாய். காது மட்டும் எங்கள் பக்கம். பிடிபட்ட ஆள் ஜெயிலுக்குப் போனான். போனை ஒட்டுக்கேட்டது அவனுடைய வக்கீலுக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று.

இந்தப் பெண்ணுக்கு எங்கிருந்துதான் இப்படியெல்லாம் தோணுதோ என்று தையல்காரம்மா வியந்து போனார். நான் சமையலறைக்குள் ஓடிவிட்டேன்.

நேற்று உன் கடிதம் வந்தது. இது நிஜமாக நடந்ததா, உனக்கு யார் சொன்னது என்று எழுதிக் கொடுக்காவிட்டால் மிச்சப் பகுதிகளை ஒளிபரப்ப மாட்டோம் என்று சேனல்காரர்கள் மிரட்டுகிறார்களாமே. நீ மூச்சு விடவில்லையாம். எங்களையும் ஒன்றும் தெரியாது என்று சொல்லச் சொல்கிறாய். உனக்கு வாயாடி என்று பட்டம் கொடுத்தவளே நான். நீ எங்களுக்காக வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பதை நினைத்தால் பெருமை தாங்கவில்லை.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். அப்புறம், பென்ஷன் போனால் போகட்டும், அன்றைக்கு என்னை ஒருத்தரும் கேட்கவில்லை, என் மகளாவது கதையில் கேட்டாளே, என் பெயரையே எழுதச் சொல் என்றார். எனக்குப் பயம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மனுஷர் வெள்ளைச் சட்டையை எடுத்துத் தானே இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டார். கோர்ட்டில் கூப்பிட்டால் சாட்சி சொல்லப் போக வேண்டுமாம். கல்யாணத்தன்று கூட அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

ஆகவே, தாயே, எங்களை ஒளித்து வைக்காதே. எழுதிக் கொடு. அவர் பெயருக்கு மேலே என் பெயரை எழுது. அன்றைக்கு டீ கொண்டுபோன ஃபிளாஸ்க் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். கோர்ட்டுக்கு வரும்போது அதில் டீ கொண்டுவருகிறேன், உனக்கும் சேர்த்து.

யாருக்கும் தலைகுனியாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா