கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?

ஜூன் 4

அன்புள்ள உங்களுக்கு,

நானும் வாயாடியும் நலம். உங்கள் நலத்தை உங்கள் கையெழுத்திலேயே அறிய ஆசை.

சிரிக்காதீர்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இதுதான். ஒரே வீட்டில் இருந்தோம், எழுத என்ன இருந்தது? போன வாரம் போனில் நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள். எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டேன், திரும்பவும் புரியவில்லை. அதற்குள் உங்கள் அக்கா போனை வாங்கி, "அவனைப் பேச வெச்சு வதைக்காதே. நீ பண்ணினது போதும்" என்று வைத்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. பக்கவாதம் வந்த தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்தே தன் ஊருக்கு அழைத்துப் போய் வைத்துப் பார்க்கிறவர், அந்த அளவுக்குக் கூடப் பேசக் கூடாதா?

பயிற்சி கொடுக்கிறவர் உங்களை இடது கையால் எழுத வைக்கிறார் என்று வாயாடி அவள் அத்தையிடம் பேசியபோது காதில் விழுந்தது. எழுத்தென்றால் யாரும் நடுவில் பிடுங்க மாட்டார்களே என்று தோன்றியது.

இங்கே லாண்டரியில் ஓட்டல் படுக்கை விரிப்புகள் மலைமலையாக வருகின்றன. இஸ்திரி போட்டுப் போட்டு மணிக்கட்டு கழன்றுவிடும் போலிருக்கிறது. உங்கள் கண்ணாடிக் கடை முதலாளி வந்து, நீங்கள் கண்ணாடி அறுக்கும் வைரக் கட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். "வேற யாரும் இதைத் தொடக் கூடாதுன்னு சொல்லுவாரு" என்றார். பீரோவில் உங்கள் சட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

வாயாடி என்னோடு பேசுவதில்லை. சாப்பிடுகிறாள், தட்டைக் கழுவுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். நம் மகளுக்கு நாம் ஆசையாக வைத்த பட்டப்பெயரை மாற்ற வேண்டியதுதான்.

அன்றைக்கு நடந்ததைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

உங்கள்
இஸ்திரிக்காரி


ஜூன் 13

இஸ்திரிக்காரிக்கு,

இது என் எழுத்துதான். நண்டு ஓடின மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்.

நடக்கிறேன். கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை. அக்கா பின்னாலேயே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். ராஜா எங்கே உட்கார நினைத்தாலும் சிம்மாசனம் தயார்.

போனில் நான் சொன்னது, "சாப்பிட்டியா". அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். நீ என் முகத்துக்கு மிகப் பக்கத்தில் வந்தாய். இவளுக்கு என்ன திடீர்ப் பாசம் என்று நினைத்தேன். பிறகு ஆஸ்பத்திரி விளக்குதான் தெரிந்தது.

அக்கா ஒரு கதை சொல்கிறாள். நீ உன் வாயால் சொல். வாயாடி ஏன் பேசவில்லை?

இடது கைக்காரன்


ஜூன் 19

அன்புள்ள உங்களுக்கு,

"சாப்பிட்டியா" என்றுதான் கேட்டீர்கள் என்று படித்ததும் லாண்டரியின் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். சாப்பிட்டேன். இப்போது நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன்.

அது பாசமில்லை. மோந்து பார்த்தேன்.

அன்று நீங்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு வாசலில் நின்றீர்கள். வாய் குழறியது. அப்படி நீங்கள் நின்றதை நான் எத்தனையோ தடவை பார்த்தவள். நீங்கள் குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த ஒரு நொடியில் அந்த நாலு வருஷமும் எங்கே போனதோ தெரியவில்லை.

"தண்ணி" என்றீர்கள். "தண்ணி... தண்ணி..."

"இன்னும் தண்ணியா? ஊத்திக்கிட்டது போதலையா?" என்றேன்.

வாயாடி ஓடி வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, வாசனையே வரலம்மா. அப்பா முகம் ஒரு மாதிரி இருக்கும்மா" என்றாள்.

"வாசனை வராத சரக்கும் இருக்கு. உனக்கு என்ன தெரியும்? உள்ள போ" என்று அவளை விரட்டிவிட்டுக் குனிந்து நானும் மோந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இதை உங்கள் அக்காவிடம்கூட நான் சொல்லவில்லை. வாசனை இல்லை என்றதும் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் கூடியது. மனுஷன் ஏமாற்றக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

ஜன்னல்களைச் சாத்தினேன். அக்கம்பக்கத்தில் மறுபடியும் தலைகுனிய என்னால் ஆகாது. டிவி சத்தத்தைக் கூட்டினேன். உங்களைப் பாயில் தள்ளிப் படுக்க வைத்து, "தெளிஞ்சதும் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நீங்கள் முனகியது கேட்டது. நன்றாகவே கேட்டது.

விடிந்ததும் வந்து பார்த்தால் பாய் நனைந்திருந்தது. வாய் ஒரு பக்கமாக இறங்கிக் கிடந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவசரமாகக் கேட்டார். "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?"

"இப்பத்தான் டாக்டர். காலையில பல் தேய்க்கப் போனவர் விழுந்துட்டார்" என்றேன்.

ஆமாம், நானேதான் சொன்னேன். முந்தின நாள் சாயங்காலமே இப்படி இருந்தார், குடித்திருக்கிறார் என்று போட்டுவிட்டுத் தூங்கினேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை. டாக்டர் முகம் தெளிந்தது. "அப்ப நேரம் இருக்கு. ஸ்கேனுக்குத் தூக்குங்க, ஊசி ரெடி பண்ணுங்க" என்றார். எல்லாரும் ஓடினார்கள்.

வாயாடி என் பின்னாலிருந்து கத்தினாள். "பொய் சொல்றாங்க டாக்டர்! நேத்து சாயங்காலமே வாய் குழறிச்சு. நாங்கதான் கூட்டிட்டு வரல."

ஓடிய நர்ஸ் நின்றுவிட்டார். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. அடைப்பைக் கரைக்கும் அந்த ஊசியை நேரம் கடந்தபின் போட்டால் மூளையில் ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாமாம். "உங்க பொண்ணு வாயைத் திறந்தா. இல்லேன்னா என்ன ஆகியிருக்கும் தெரியுமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை. இவ்வளவுதான். இதில் நான் எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

இஸ்திரிக்காரி


ஜூலை 8

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்ததா? தபால்காரர் மேல் பழி போடலாம் என்று பார்த்தேன். பாவம், அவர் எல்லார் வீட்டுக் கடிதத்தையும் ஒழுங்காகத்தான் கொடுக்கிறார்.

பதில் எழுதாவிட்டால் பரவாயில்லை. கையைச் சிரமப்படுத்த வேண்டாம்.

இப்படிக்கு
நான்


ஜூலை 15

இஸ்திரிக்காரிக்கு,

கிடைத்தது. தபால்காரரை விட்டுவிடு. இதைத் துண்டு துண்டாகப் பல நாள் எழுதுகிறேன்.

படித்ததும் பேனாவை வீசி எறிந்தேன். இடது கை வீச்சு, மடியிலேயே விழுந்தது. இரண்டு நாள் யாரோடும் பேசாமல் கோபமாக இருந்தேன். இங்கே அதை யாரும் கவனிக்கக்கூட இல்லை.

நான் கேட்டது வெறும் தண்ணீர். நாலு வருஷத்தில் ஒரு சொட்டு தொடாதவனை ஒரு நொடியில் பழைய குடிகாரனாக்கிவிட்டாய் என்று நினைத்து நினைத்துக் கொதித்தேன். அப்புறம் அதற்கு முந்தின வருஷங்கள் ஞாபகத்துக்கு வந்தன. என் சத்தம் தெருவுக்குக் கேட்காமல் ஜன்னலைச் சாத்த உன்னைப் பழக்கிவிட்டது யார்? அதோடு கொதிப்பு அடங்கிவிட்டது. எதிரில் இருந்த அக்காவைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று. அன்று மதியமே கடையில் கட்டர் கையிலிருந்து நழுவியது. ஆளுயரக் கண்ணாடி ஒன்று போச்சு. முதலாளி சிரித்துக்கொண்டே, "என்ன, திரும்ப ஆரம்பிச்சாச்சா?" என்றார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், நாக்கு புரளவில்லை. இந்த வாயோடு இல்லை என்று சொன்னால் எவன் நம்புவான்? பேசாமல் கிளம்பிவிட்டேன். வழியில் அதே ஆஸ்பத்திரிதான். அங்கேயும் முதலில் மோந்துதான் பார்ப்பார்கள் என்று வெட்கப்பட்டுக் கடந்து வந்தேன். ஆக, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகாதவன் நான்.

ஆனால் டாக்டரிடம் சொன்ன பொய். அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. சாயங்காலம் உனக்கு ஒன்றும் தெரியாது. காலையில் எல்லாம் தெரியும். தெரிந்த பிறகும் உன் மானத்தைத்தான் பார்த்துக்கொண்டாய்.

கை நோகிறது. இப்போதைக்கு இங்கேயே இருக்கிறேன்.

இ.கை.


ஜூலை 22

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் கடையில் நடந்ததை எழுதியதும் ஒரு கணம் நெஞ்சு லேசானது. அப்பாடா, நான் மட்டுமில்லை என்று. அந்த நினைப்புக்கு உடனே என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அது உங்கள் பங்கு. என் பங்கு அதனால் குறையவில்லை. நீங்கள் வாயைத் திறக்க வெட்கப்பட்டது, திறந்தால் நாங்கள் நம்ப மாட்டோம் என்பதால்தானே? நான் நம்பவில்லையே.

பொய்யைப் பற்றிச் சொல்ல என்னிடம் சமாதானம் எதுவுமில்லை. ஒன்று செய்தேன். லாண்டரியில் எல்லாரும், "பாவம், காலையில எந்திரிச்சதும் விழுந்துட்டாராமே" என்று என்னை இத்தனை நாளாகத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில், "அது அப்படி இல்ல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒருத்தி டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள். மறுநாளிலிருந்து என் பக்கத்தில் உட்காருவதில்லை. அது சரிதான்.

அன்றிரவு வாயாடியிடமும் போய், "என்னைத் திட்டவாவது செய்டி" என்றேன். பாடப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "நான் யாரைத் திட்டறது? வாசனை வரலைன்னு எனக்குத் தெரியும்ல. சொன்னேன்ல. சொல்லிட்டு நானும் போய்ப் படுத்துட்டேன்மா. போன் என் கையிலதான் இருந்துச்சு."

என் மேல் கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குழந்தை தன்னையே தின்றுகொண்டிருந்திருக்கிறாள். "நீ சொன்னதாலதான் அப்பா இருக்கார்டி" என்றேன். நம்பினாளா தெரியவில்லை. ஆனால் அழுதாள், நானும் அழுதேன். பிறகு "பசிக்குது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளை அங்கே கூட்டி வருகிறேன். உங்களைப் பார்க்காமல் அவள் தேற மாட்டாள். நான் பஸ் ஸ்டாண்டிலேயே இருக்கிறேன். அக்கா வீட்டுக்கு வந்து உங்களுக்குச் சங்கடம் தர மாட்டேன். சாயங்காலம் அவளைத் திருப்பி அனுப்பினால் போதும்.

உங்கள்
இஸ்திரிக்காரி


ஜூலை 25

இஸ்திரிக்காரிக்கு,

இது ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைக்க வேண்டும் என்று அக்காவையே அனுப்பித் தபாலில் போடச் சொல்கிறேன். யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். முதல் தடவையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவ்வளவு தெளிவாகப் பேசுகிறேன் இப்போது.

பஸ் ஸ்டாண்டில் உட்காராதே. வீட்டுக்கு வா. அக்கா திட்டுவாள். நன்றாகவே திட்டுவாள், எனக்கும் சேர்த்து. கடையில் நடந்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். நாம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொள்வோம்.

அந்தப் பொய் இன்னும் மனதில்தான் இருக்கிறது. போகவில்லை. போகும் என்றும் சொல்ல மாட்டேன். அதையும் வைத்துக்கொண்டுதான் வரச் சொல்கிறேன்.

வாயாடியிடம், அப்பா அவள் பேரை முழுசாகச் சொல்கிறார், கேட்க வா என்று சொல்.

வரும்போது குதிகாலில் வார் வைத்த செருப்பு ஒரு ஜோடி வாங்கி வா. சாதாரணச் செருப்பு வலது காலில் நிற்பதில்லை. சுவருக்குச் சுவர் நடந்தது போதும், தெருவில் நடந்து பார்க்க வேண்டும். கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

உன்
வீட்டுக்காரன்